சீர் போன கிடாரிகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். "உபயோகமாக இருக்க வேண்டும்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதுதான் இடிக்கிறது. ஓய்வுபெற்றவர்களிடம் உபயோகமாக எழுதச் சொன்னால் அறிவுரை எழுதுவார்கள். அறிவுரை என்றால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உங்கள் வயதில் நானும் படித்ததில்லை. ஆகவே, ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து கையில் சாம்பாரோடு நான் எழுந்து ஓடிய கதையைச் சொல்கிறேன். ஒரு காளையின் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நம் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியாமல் விழிப்பீர்கள். என் மாமியார் கடைசி வரை நான் மாட்டுக்கு ஊசி போடுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். நாம் ஊசி போடுவதில்லை. எந்தக் காளையின் விந்தை ஊசியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பலாம் என்று சொல்வதுதான் நம் வேலை. காளை பால் கறக்காது. அதன் மகள்கள் கறக்கும் பாலை வைத்துத்தான் அப்பனை எடை போட வேண்டும்.

கேட்கச் சுலபம்தான். ஆனால் ஒரு மாடு கறக்கிற பால் முழுக்க அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. இரத்தத்தில் பாதி தாய் வழியில் வந்தது. அதற்கு மேல் தீவனம், வெயில், கறக்கிறவர் கை எல்லாம் பங்குக்கு நிற்கும். ஜவ்வரிசி ஆலைக்குப் பக்கத்து ஊரில் மரவள்ளிக் கிழங்குச் சக்கையான திப்பியைத் தின்று வளரும் மாடு ஒரு மாதிரி கறக்கும், மானாவாரி ஊரில் காய்ந்த சோளத்தட்டை மென்றுகொண்டு நிற்கும் மாடு வேறு மாதிரி கறக்கும். இந்தக் கலவையிலிருந்து இரத்தத்தின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே பருவத்தில் கன்று போட்ட மாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கொஞ்சம் தெரியும். நிறைய மகள்கள் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். கணினிக்கு நாம் எதைக் கொடுக்காமல் விட்டோம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கருப்பன் வெண்ணந்தூரில் பிறந்த ஜெர்சி கலப்புக் காளை. அலுவலகத்தில் அதற்கு ஒரு நீண்ட எண் உண்டு, ஆனால் யாரும் அந்த எண்ணைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கன்றாக எங்களுக்குக் கொடுத்தவர் பாவாயி. நாலு விசைத்தறியும் மூன்று மாடும் வைத்து, ஆள் வைக்காமல் இரண்டையும் பார்த்துக்கொண்டவர். தறிச் சத்தத்தில் பேசிப் பேசிப் பழகியதால் அலுவலகத்தில் வந்து மெதுவாகப் பேசினாலும் மாடி வரை கேட்கும். கன்றைக் கொடுத்த பிறகும் மாதம் ஒரு தடவை அதை வந்து பார்ப்பார். நோய்த் தொற்று பயத்தால் வேலிக்கு உள்ளே விட மாட்டோம். வேலிக்கு வெளியே நின்று "டேய் கருப்பா" என்பார். அந்தப் பெரிய உருவம் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஒரு தடவை தலையாட்டிவிட்டு, மறுபடி தீவனத்தில் வாயை வைக்கும். பாவாயிக்கு அது போதும்.

கருப்பனின் மகள்கள் ஊர் ஊராகப் பிறந்து, வளர்ந்து, சினையாகி, தலையீத்துக் கறவைக்கு வந்தார்கள். பால் அளப்பவர்கள் மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் கட்டுத்தரைக்கே போய் அளந்து வந்தார்கள். நான் கணக்குப் போட்டேன். காளை வரிசையில் கருப்பன் கடைசிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

எனக்கு அப்போது துளிகூடச் சந்தேகம் இல்லை. எண் சொன்னால் சொன்னதுதான். அடுத்த வாரம் குழு கூடும், கீழே நிற்கும் காளைகளைக் கழிக்கும், சேர்த்து வைத்திருக்கும் உறைவிந்துக் குச்சிகளைக் கொட்டிவிடும். வருஷா வருஷம் நடப்பதுதான்.

விஷயம் பாவாயியின் காதுக்கு எப்படியோ போய்விட்டது. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, நம்ம கருப்பன் சரியில்லீன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?"

"நெசந்தாங்க. மகளுங்க பால் குறைவா இருக்குது."

"அவங்காத்தா எங்கூட்டுல குண்டாச் சட்டி நெறையக் கறந்தாளுங்க."

"அம்மா கறந்தா மகனோட மகளும் கறக்கோணும்னு சட்டமில்லைங்களே."

அவர் கொஞ்ச நேரம் என் கணினியை முறைத்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன என்ன பண்ணுவீங்க?"

"ஏலம் உடுவாங்க."

"ஏலத்துக்கு ஆரு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் குரல் மாடிக்குக் கேட்கவில்லை. வாங்கி வைத்த டீயைத் தொடாமல் எழுந்து போனார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடத்தைப் பார்த்துக் காளையை வைத்துக்கொண்டால் அதன் மகள்களை வளர்க்கிற ஆயிரம் வீட்டுக்கு நஷ்டம். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் பால் அளவீட்டில் இருந்த ஒரு விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு. எங்கள் பால் அளவையாளர் தங்கமணியும் நானும் போயிருந்தோம். தங்கமணி ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிற பெண். எந்த வீட்டில் எந்த மாடு எந்தக் காலால் உதைக்கும் என்று அவளுக்கு மனப்பாடம், முழங்காலில் தழும்பும் உண்டு. நான் சாப்பாட்டுப் பிரியை. கல்யாணச் சாப்பாட்டுக்கு முதல் பந்தியில் உட்காராவிட்டால் எனக்கு அன்றைய பொழுது விடியாது.

பந்தியில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சாம்பாரைப் பிசைந்துகொண்டே வெளியே பார்த்தேன். மண்டபத்து வாசலில் சீர்வரிசை இறங்கியிருந்தது. கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு சினைக் கிடாரி நின்றது. நெற்றியில் மஞ்சள், குங்குமம், கழுத்தில் மல்லிகைச் சரம். இந்தப் பக்கத்தில் வசதியானவர்கள் மகளுக்குச் சீரோடு ஒரு பசு கொடுப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கிடாரி தலையை ஆட்டியபோது மல்லிகைச் சரம் விலகி, காதில் எங்கள் அலுவலகத்து மஞ்சள் எண் வில்லை தெரிந்தது.

எழுந்துவிட்டேன். பந்தியில் பாதியில் எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். இடது கையால் கிடாரியின் காதைப் பிடித்து, வில்லையில் அப்பியிருந்த மஞ்சளைத் துடைத்து எண்ணைப் படித்தேன். கன்றுப் பதிவேட்டில் எத்தனையோ தடவை பார்த்த எண். கருப்பனின் மகள்.

நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றிக் கூட்டம். பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க, சாப்பாட்டுல ஏதாச்சு கொறைங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா அதற்குள் முன்னால் வந்துவிட்டார். நல்ல மீசை. "சாப்பாட்டுல கொறையில்லீன்னா, மாட்டுல கொறைங்களா? டாக்டரம்மா பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்து காதப் புடிச்சுப் பாக்கறீங்களே?"

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாதஸ்வரம்கூட நின்றுவிட்டதாக எனக்கு ஞாபகம். தங்கமணியைக் கேட்டால் அது தற்செயல் என்பாள்.

"மாடு நல்லாக் கறக்குமுங்களா, கறக்காதுங்களா? அதச் சொல்லிப்போடுங்க" என்றார் மீசைக்காரர்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தக் காளையின் மகள்கள் சரியாகக் கறப்பதில்லை என்று கணக்குப் போட்டு, கையெழுத்தும் போட்டு, உறையில் வைத்துவிட்டு வந்தவள் நான். உண்மையைச் சொன்னால் ஒரு கல்யாணத்தில் முகங்கள் சுருங்கும். பொய் சொன்னால் என் தொழிலுக்கு நான் லாயக்கில்லை. ஊசிப்போன வடையை வாயில் வைத்த மாதிரி விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"எவ்வளவு கறக்கும்னு எனக்கு இன்னும் தெரியலீங்க" என்றேன். "கன்னு போட்டதும் மாசாமாசம் உங்க ஊட்டுக்கே வந்து அளந்து சொல்றேன். அதுக்குத்தான் நெம்பர் பாத்தேன்."

அவர் மீசை மெதுவாக விரிந்தது. "பாத்தீங்களா, நம்ம சீர்மாட்டுக்குக் கெவுருமெண்டே பின்னாடி வருது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்கு மூச்சு வந்தது. என்னை மறுபடியும் உட்கார வைத்து முதலிலிருந்து இலை போட்டார்கள். நான் மறுக்கவில்லை.

இரண்டாவது இலையில் பாயசம் வரும்போது பெண்ணின் அம்மா என்னிடம் வந்து நலம் விசாரித்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க கட்டுத்தரையில இத்தன கிடாரி இருக்குதே, இத எதுக்குப் பொறுக்கி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நல்லாருக்குதுங்க நீங்க கேக்கறது. புள்ளைக்குக் குடுக்கறப்ப இருக்கறதுல நல்ல மாட்டுக் கன்னத்தானுங்க குடுக்கோணும். நாலு சனம் பாக்குமில்ல? அப்புறம் கருப்பன் கன்னுன்னா சாதுங்க. புதுசாப் போற ஊட்டுல ஒதைக்கிற மாட்டக் குடுத்தனுப்புனா எம்மானம் போயிராதுங்களா? பக்கத்து ஊட்டுலயும் கருப்பன் கன்னத்தான் குடுத்தாங்க. அதுக்கு மேல ஊட்டுலயும் அதுதான்."

பாயசத்தை அப்படியே இலையில் விட்டுவிட்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அம்மா சொன்னது ஊருக்கே தெரிந்த வழக்கம், அதில் இரகசியம் ஒன்றுமில்லை. நாங்கள்தான் அதைக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஊரை விட்டுப் போன மாடு என்றால் எங்கள் முறையில் அது விற்ற மாடு. விற்ற மாடு என்றால் சோடை மாடு, போனால் போகட்டும் என்று கழித்துவிடுவோம். வேறு எங்கோ எழுதிய விதி அது, அங்கே அது சரியாகவும் இருக்கலாம். இங்கே நல்ல தாயின் மகளைத் தேடி எடுத்து, மஞ்சள் பூசி, மாலை போட்டு, மேளத்தோடு அனுப்பிவைக்கிறார்கள். கருப்பனின் கன்றுகள் சாதுவாக இருந்ததால் அவற்றுக்குத்தான் முதல் அழைப்பு. நல்ல தாய்க்குப் பிறந்த மகள்களெல்லாம் புகுந்த வீடு போக, மிச்சம் நின்றவற்றை அளந்துவிட்டு அப்பனைக் குறை சொல்லியிருக்கிறோம்.

திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குள் நான் நடந்து போகவில்லை, பறந்தேன். எங்கள் அதிகாரி என்னைவிட வயதில் இளையவர். சிரிக்க மாட்டார், இஸ்திரி கலையாத சட்டை, மதியம் தயிர்சாதத்தைக்கூட ஸ்பூனில் சாப்பிடுவார். அவரிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். "கருப்பனோட சீர் போன மகள்களையெல்லாம் தேடிப் பிடித்து அளக்கப்போகிறேன் சார்" என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மற்ற காளைகள் என்ன பாவம் பண்ணின மேடம்?" என்றார்.

"என்ன சார்?"

"மற்ற காளைகளின் மகள்களும் சீர் போயிருப்பார்கள் இல்லையா? கருப்பனுக்கு மட்டும் தேடினால் அதற்குக் கணக்கு என்று பெயர் இல்லை. பாசம் என்று பெயர். தேடினால் எல்லாக் காளைக்கும் தேடுங்கள். தேடிய பிறகும் கருப்பன் கீழேதான் நின்றால் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று வாசலுக்குப் போகும் வழியிலேயே தெரிந்துவிட்டது, அதனால் கோபம் இன்னும் கூடியது. பிடித்த காளைக்கு மட்டும் ஆதாரம் தேடுவது நம் தொழிலில் பெரிய ஆபத்து. அது நல்ல எண்ணத்தோடு வரும், அதனால் அடையாளமே தெரியாது. குழுக் கூட்டத்தில் அவரே எழுந்து பேசி, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்க வைத்தார். அதுவரை கருப்பன் கொட்டகையில் நிற்கலாம், விந்து மட்டும் எடுக்கக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் போல என் வேலைக்காலத்தில் சந்தோஷமாக நான் சுற்றியதே இல்லை. தங்கமணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பால் கேனும் தராசுமாக, சம்பந்தி வீடு சம்பந்தி வீடாகப் போனோம். மாட்டைத் தேடி யாரிடமும் விசாரிக்கவில்லை. "உங்க மகள எங்க கட்டிக் குடுத்தீங்க?" என்று கேட்டால் போதும். முகம் மலர்ந்து, ஊர், தெரு, குலம், மாப்பிள்ளை பார்க்கிற வேலை, பேரன் பேர் வரை சொல்லி, "போனா இந்த முறுக்கக் குடுத்துருங்க" என்று ஒரு பையையும் கையில் திணிப்பார்கள். ஓமலூர்ப் பக்கம் போனபோது ஸ்கூட்டரில் எங்களைவிடப் பலகாரம் அதிகம் இருந்தது. வழியில் கொஞ்சம் குறைந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை என்று தங்கமணி சொல்ல மாட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், எந்த வீட்டிலும் எங்களை மாட்டுக்கு வந்தவர்களாகப் பார்க்கவில்லை. பெண் வீட்டார் அனுப்பிய ஒற்றர்கள் என்றே நினைத்தார்கள். எவ்வளவு கறக்கிறது என்று கேட்டால் மாமியார், "என்னத்தக் கறக்குது, பூனைக்குப் பத்தாது" என்பார். மருமகள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கையையும் அகட்டிக் காட்டுவாள். நாங்கள் இரண்டையும் காதில் வாங்கிக்கொள்ளாமல் காலையும் மாலையும் நின்று அளப்போம். பால் எப்போதும் இரண்டு பேருக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். சீர்மாடு தனியாக நிற்கும் வீடுகளில், அதே ஊரில் அதே பருவத்தில் தலையீத்து ஈன்ற அக்கம்பக்கத்து மாடுகளையும் அளந்தோம். எதிர்வீட்டு மாட்டை அளந்தால் தன் மாட்டையும் அளக்கச் சொல்லி ஆள் வரும். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

திருச்செங்கோட்டில் ஒரு வீடு. மாப்பிள்ளை ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். கருப்பனின் மகளின் கழுத்தைத் தடவிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "வந்த புதுசுல இந்த ஊட்டுல எனக்கு ஆருகிட்டப் பேசறதுன்னே தெரியாதுங்க. இவகிட்டத்தான் பேசுவேன். இப்ப எங்கத்தைகூட இவகிட்டத்தான் பேசறாங்க, என்னப் பத்தி." உள்ளிருந்து மாமியார் சிரித்தார். எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. பால் அளக்க வந்தவள் என்ற ஞாபகம் கொஞ்ச நேரம் இல்லை.

ஆனால் முதல் மாத அளவு எனக்குச் சாதகமாக இல்லை. கருப்பனின் மகள்கள் பலர் சுமாராகத்தான் கறந்தார்கள். புது ஆட்கள் பக்கத்தில் நின்றால் சில மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும், அதனால்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். முதல் மாதத்தைத் தள்ளிவிட்டு இரண்டாவது மாதத்திலிருந்து கணக்கெடுக்கலாம் என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

"முதல் மாதம் நன்றாக வந்திருந்தால் தள்ளச் சொல்லியிருப்பீர்களா மேடம்?" என்றார்.

திரும்பி வந்தேன். அந்த மாதத்தைத் தள்ளவில்லை. மூன்று நாள் அவரிடம் பேசவும் இல்லை. இந்தக் கேள்வியை மட்டும் நீங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், நான் எழுதியது வீண்போகாது. பிடிக்காத எண்ணைத் தள்ளுவதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் படித்தவர்களுக்கு நிகர் யாரும் கிடையாது.

மாதங்கள் போகப் போக மாடுகள் எங்களுக்குப் பழகின. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அசை போடுவதை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்க்கும், அவ்வளவுதான். அளவும் ஏறியது. மற்ற காளைகளின் மகள்களும் ஏறினார்கள், அதனால் எனக்கு நிம்மதி வரவில்லை. எல்லாரும் ஏறினால் கருப்பன் நின்ற இடத்திலேயே நிற்கும். பாவாயி ஒரு தடவைகூட அலுவலகத்துக்கு வரவில்லை, போனும் செய்யவில்லை. கருப்பனைப் பார்க்க வேலிப் பக்கமும் வரவில்லை என்று காவலாளி சொன்னார். கழிக்கப்போகிற பிள்ளையைப் பார்க்க மனசு வருமா?

கூட்டம் நடக்கும் நாள் காலையில் கடைசிக் கணக்கை ஓடவிட்டேன். அதிகாரிதான் சொடுக்கினார். வரிசை திரையில் வந்தது. கீழிருந்து தேடினேன். முதல் சில வரிகளில் கருப்பன் இல்லை. நடுவிலும் இல்லை. நடுவுக்கு நன்றாக மேலே, கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. முதலிடம் இல்லை, அதற்கு நான் ஆசைப்படவும் இல்லை. இரண்டு மூன்று காளைகள் ஒன்றிரண்டு படி இறங்கியிருந்தன, அதிகாரிக்குப் பிடித்த காளையும் அதில் ஒன்று. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்று அத்தனை வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது.

குழு பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டது. கருப்பன் இருக்கலாம், ஊசிக்கும் போகலாம். இனி எல்லா ஊரிலும் சீர் போகிற மாட்டைப் பின்தொடர்ந்து அளக்க வேண்டும். நான் பாவாயிக்குப் போன் போட ஓடினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தறி ஓடும்போது கேட்காது என்று நினைத்து மறுபடி போட்டேன். மணிச்சத்தம் ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது.

கேட்டுக்கு முன்னால் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி நின்றது. பின்னால் காளை நிற்கப் பச்சைச் சோளத்தட்டு பரப்பி, பக்கவாட்டில் கயிறு கட்டி, மோதிக்கொள்ளாமல் இருக்கச் சாக்கும் சுற்றியிருந்தார்கள். பாவாயி இறங்கி வந்தார். நல்ல சேலை. கையில் மூக்கணாங்கயிறு, புதுசு.

"இன்னைக்கு முடிவு சொல்றாங்கன்னு கேள்விப்பட்டனுங்க. ஏலங்கீலம் வேண்டாமுங்க, டாக்டரம்மா. எங்கே கையெழுத்துப் போடோணும்னு சொல்லுங்க, போட்டுப்போட்டு ஓட்டிட்டுப் போறேன். அவம்பாட்டுக்கு எங்கூட்டுல நின்னுட்டுப் போறான். ஒரு வேலையும் செய்ய வேண்டாம்."

"பாவாயக்கா, அவன் எங்கயும் வரமாட்டான். மகளுங்க எல்லாரும் நல்லாக் கறக்கறாங்க. நாங்க பாதிப் பேர விட்டுப்போட்டு அளந்துட்டோம். இப்ப எல்லாரையும் தேடிப் புடிச்சு அளந்தாச்சு. அவன் மேல நிக்கறான்."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் நேராக வேலிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். "டேய் கருப்பா" என்றார். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னார். கருப்பன் திரும்பிப் பார்த்து, வழக்கம்போல் ஒரு தடவை தலையாட்டி, தீவனத்தில் வாயை வைத்தான். பாவாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைமைதான்.

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குரல் பழையபடி மாடிக்குக் கேட்டது.

"அவன் வாரான்னு நம்ம சனத்தையெல்லாம் வரச் சொல்லி ஊட்டுல அண்டா நெறையா ஆக்கி வெச்சிருக்குதுங்க. இந்த வண்டி வெறுமனாத் திரும்பிப் போனா நல்லாருக்குதுங்களா? ஏறுங்க எல்லாரும்."

சரக்கு வண்டியில் ஆள் ஏறுவது சட்டப்படி தப்பு. நீங்கள் செய்யாதீர்கள். நாங்கள் ஏறினோம். தங்கமணி முதலில் குதித்து ஏறி எனக்குக் கை கொடுத்தாள். அதிகாரி ஷூவையும் இஸ்திரிச் சட்டையையும் பார்த்துக்கொண்டு தயங்கினார். "சார், தட்டு மெத்துனு இருக்குதுங்க" என்று பாவாயி சொன்னதும் அவரும் ஏறிவிட்டார். சோளத்தட்டின் மேல், காளைக்குக் கட்டிய கயிற்றை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். வெண்ணந்தூர் நெருங்க நெருங்கத் தறிச்சத்தமும் கூடவே சாம்பார் வாசனையும் வந்தது. சாம்பார் என் கற்பனையாக இருக்கலாம்.

ஊர் முனையில் டீக்கடைப் பக்கம் வண்டி நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு முன்னால் போனார்.

"ஏனுங்க பாவாயக்கா, காளைய ஏத்திட்டு வாரேன்னு போனீங்களே, காளை எங்கீங்க?"

பாவாயி டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நீட்டி, தறிக்காரியின் தொண்டையில் ஊருக்கே கேட்கச் சொன்னார்:

"காளை பாஸாயிருச்சு சாமி. பரிச்சை வெச்சவங்களத்தான் ஏத்திட்டு வாரேன்!"